அளவுக்கு மிஞ்சிய காற்று



அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் நாட்டுப் பழமொழி. உணவைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பெரியோர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். காற்றைப் பற்றி எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆயினும் ஒரு டீசல் காரின் எஞ்சினுக்குக் காற்றே அமுதம். அதுவும் அளவு மீறினால் நஞ்சாகி விடும். இவ்வுண்மையை நான் வகுப்பறையில் கற்றேனல்லேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில், மனைவியும் மகளும் உடனிருக்க, நெஞ்சு பதைபதைக்கக் கற்றுக் கொண்டேன். அந்த அனுபவத்தையும், கோளாற்றின் காரணத்தைக் கண்டறிந்த வழியையும் இன்று உங்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கிறவன். என்னிடம் ஒரு பழைய டீசல் கார் உண்டு. வீட்டிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து வீட்டுக்கும் நாள்தோறும் என்னைச் சுமந்து செல்வதே அதன் தொழில். அது ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லை. ஒரு விடுமுறை நாளில் குன்னூருக்குப் புறப்பட்டோம். கல்லாற்றைக் கடந்து, பர்லியாற்றுக்கு மேலே ஏறிக் கொண்டிருந்தபோது, பாரம் ஏற்றிய லாரி ஒன்று எங்கள் முன்னே ஊர்ந்து சென்றது. பாதை சற்றே நேராக இருந்த இடத்தில் அதை முந்திச் செல்ல எண்ணி, வலப்புறம் ஒதுங்கி ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினேன். கார் பாய்ந்து சென்றது. லாரியின் பாதி நீளத்தைக் கடந்திருப்பேன். அவ்வளவுதான், இழுத்துக் கொண்டிருந்த கயிறு அறுந்தாற் போல வண்டி வலுவிழந்தது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சின் செவி சாய்க்கவில்லை. எதிரே வளைவில் ஒரு பேருந்து தோன்றியது. பிரேக்கை அழுத்தி, மீண்டும் லாரியின் பின்னே ஒதுங்கினேன். பேருந்து ஒலி எழுப்பிக் கொண்டு எங்களை உரசுவது போலக் கடந்து சென்றது. ஓரிரு விநாடி தாமதித்திருந்தால், இன்று உங்கள் முன் பேச நான் இருந்திருப்பேனோ என்பது ஐயமே.

சாலையோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சிறிது நேரம் கழித்து மறுபடி இயக்கினேன். என்ன விந்தை! வண்டி முன்போலவே வலுவுடன் இயங்கிற்று. ஒரு கோளாறும் இல்லாதது போல எங்களைக் குன்னூர் வரை கொண்டு சேர்த்தது. அந்த நிகழ்ச்சியின் உட்பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. அது விளங்க வேண்டுமாயின், டர்போசார்ஜர் என்னும் கருவியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

எரிபொருள் எரிவதற்குக் காற்று வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். 1 கிலோகிராம் டீசல் முற்றிலும் எரிவதற்கு ஏறக்குறைய 14.5 கிலோகிராம் காற்று தேவை. 2 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு நான்கு வீச்சு எஞ்சினை எடுத்துக் கொள்வோம். அது இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை 2 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால் 3000 லிட்டர், அதாவது 3 கன மீட்டர் காற்று உட்செல்லும். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோகிராம். ஆகவே நிமிடத்துக்குக் கிடைப்பது 3.6 கிலோகிராம் காற்று. அதைக் கொண்டு ஏறத்தாழக் கால் கிலோகிராம் டீசலைத்தான் எரிக்க இயலும். அதற்கு மேல் டீசலை ஊற்றினால் கரும்புகைதான் மிஞ்சும், வலு மிஞ்சாது.

எஞ்சினைப் பெரிதாக்காமல் வலுவைக் கூட்டுவது எங்ஙனம்? காற்றை அழுத்தி, அடர்த்தியாக்கி உள்ளே செலுத்த வேண்டும். அழுத்துவதற்கு வேண்டிய ஆற்றலை எங்கிருந்து பெறுவது? வீணே வெளியேறும் கழிவு வாயுவிலிருந்து பெறலாம் என்று கண்டவர் ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியியலறிஞர் ஆல்ஃபிரட் பியூகி. 1905-ஆம் ஆண்டில் இக்கருத்துக்கு அவர் காப்புரிமை பெற்றார். முதலில் பெரிய கப்பல் எஞ்சின்களில் பயன்பட்ட இம்முறை, 1978-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.டி. என்ற காரின் மூலம் டீசல் கார்களுக்கும் வந்து சேர்ந்தது.

டர்போசார்ஜரின் அமைப்பு எளியது. ஓர் அச்சின் ஒரு முனையில் டர்பைன் என்னும் சுழலி. மறு முனையில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர். கழிவு வாயு சுழலியைச் சுற்றுகிறது. அதே அச்சில் உள்ள கம்ப்ரஸர் காற்றை அழுத்துகிறது. அச்சின் வேகம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுழற்சிக்கும் மேற்படும். மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்தபடி அது சுழல்கிறது.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது கழிவு வாயு குறைவு. சுழலி மந்தமாகச் சுற்றும். விரைவாக ஓடும்போதோ வாயு பெருகிச் சுழலி அளவுக்கு மீறிச் சுற்றும். இவ்விரண்டையும் சமன் செய்ய, இக்காலத்து டீசல் கார்கள் பெரும்பாலானவற்றில் சுழலியைச் சுற்றிலும் சிறு இதழ்களை வட்டமாக அமைத்திருக்கிறார்கள். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் வாயை விரலால் பாதி மூடிப் பாருங்கள். நீர் பீறிட்டுப் பாயும். அது போலவே, வாயு குறைவாக உள்ள போது இதழ்கள் நெருங்கி வழியைக் குறுக்குகின்றன. வாயு விசையுடன் பாய்ந்து சுழலியைச் சுற்றுகிறது. வாயு பெருகும்போது இதழ்கள் விரிந்து வழி விடுகின்றன. இதழ்கள் யாவும் ஒரு வளையத்தோடு பிணைக்கப்பட்டுள்ளன. வளையம் சற்றே திரும்பினால் எல்லா இதழ்களும் ஒருங்கே திரும்பும்.

அவ்வளையத்தைத் திருப்புவது யாது? பல கார்களில் வெற்றிடத்தால் இயங்கும் ஒரு சிறு தகட்டுப் பெட்டி. அதனுள் ஒரு ரப்பர்ச் சவ்வும், சவ்வோடு ஒரு தண்டும் உள்ளன. வேக்குவம் பம்ப் காற்றை உறிஞ்சினால் தண்டு இழுக்கப்பட்டு இதழ்கள் நெருங்கும், அழுத்தம் கூடும். உறிஞ்சுதல் நின்றால், சுருள்வில் தண்டைத் திருப்பித் தள்ள, இதழ்கள் விரியும், அழுத்தம் குறையும். எவ்வளவு வெற்றிடம் செல்ல வேண்டும் என்பதை மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு பங்கிட்டுக் கொடுக்கிறது. அந்த வால்வுக்குக் கட்டளையிடுவது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தத்தை ஓர் உணர்கருவி அளந்து அப்பெட்டிக்குத் தெரிவித்த வண்ணம் இருக்கிறது. வேண்டிய அழுத்தம் இவ்வளவு, கிடைத்த அழுத்தம் இவ்வளவு என்று பெட்டி இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது.

கிடைத்தது வேண்டியதைவிட மிகுந்து, அந்நிலை சில விநாடிகள் நீடித்தால், பெட்டி ஆபத்தை உணர்கிறது. மிகை அழுத்தம் உருளைகளின் உட்புறத்தை வருத்தும். டர்போவின் அச்சு தாங்கும் வேகத்தைக் கடந்து சிதையவும் கூடும். எனவே பெட்டி எரிபொருளைக் குறைத்து, எஞ்சினைத் தற்காப்பு நிலையில் நிறுத்தி விடுகிறது. ஓட்டுநர்கள் இதனை லிம்ப் மோடு, அதாவது நொண்டி நடை என்பர். பல கார்களில் எஞ்சினை அணைத்து மறுபடி இயக்கும் வரை இந்நிலை நீங்குவதில்லை. மலைப்பாதையில் எனக்கு நேர்ந்தது இதுவே. எஞ்சினைக் காக்க எடுத்த நடவடிக்கை, எங்கள் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது!

ஊர் திரும்பியதும் ஒரு பெரிய பட்டறைக்குச் சென்றேன். ஸ்கேனர் கருவியை இணைத்துப் பார்த்தார்கள். பி 0234 என்ற குறியீடு தோன்றிற்று. டர்போசார்ஜரில் மிகை அழுத்தம் என்பது அதன் பொருள். உடனே சோலனாய்டு வால்வை மாற்றினார்கள். அடுத்த வாரம் மலையில் மீண்டும் அதே கதை. அப்போது, "டர்போவையே மாற்றிவிட வேண்டியதுதான்" என்றார்கள். அதன் விலை என் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கி விடும். அவர்கள் மீது மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. குறியீடு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று ஒரு கேள்வியேனும் நான் கேட்டேனா? பௌதிகம் கற்பிக்கும் நானே வாளா இருந்தேன். காய்ச்சல் என்று வெப்பமானி காட்டுகிறது. மலேரியாவா, டைபாய்டா என்று அது காட்டுவதில்லை. குறியீடும் அத்தகையதே.

நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு, ஒரு முதிய மெக்கானிக்கின் சிறு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். அவர் நான் கூறியவற்றை எல்லாம் பொறுமையுடன் கேட்டார். பிறகு, "சார், எதையும் கழற்றறதுக்கு முன்னால வண்டிகிட்ட நாலு கேள்வி கேட்டுப் பார்த்துடலாமுங்க" என்றார். அந்த நான்கு கேள்விகளே இப்பேச்சின் சாரம்.

முதற் கேள்வி: உணர்கருவி மெய் சொல்கிறதா? எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, உணர்கருவி காட்டும் அழுத்தத்தை ஸ்கேனரில் பார்த்தோம். எஞ்சின் ஓடாத போது குழாயில் இருப்பது வெளிக் காற்றின் அழுத்தமே அன்றோ? கடல் மட்டத்தில் அது சுமார் 1013 மில்லிபார். கோயம்புத்தூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால், 965 மில்லிபார் அளவில் காட்ட வேண்டும். அவ்வாறே காட்டிற்று. அங்கே 1200 என்று காட்டியிருந்தால், உணர்கருவியே பொய்யுரைக்கிறது என்று முடிவு செய்து, டர்போவைத் தொடாமலே வேலையை முடித்திருக்கலாம்.

இரண்டாவது கேள்வி: கட்டளை பிழையா, கட்டளைக்குக் கீழ்ப்படியாமை பிழையா? இதை ஓடும் வண்டியில்தான் கேட்க முடியும். போக்குவரத்து இல்லாத ஒரு நீண்ட ஏற்றத்தில் நான் வண்டியை ஓட்டினேன். அவர் அருகில் அமர்ந்து கருவியைக் கவனித்தார். ஓட்டுகிறவரே கருவியையும் பார்ப்பது பேதைமை என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்கிறேன். மூன்றாவது கியரில், குறைந்த வேகத்திலிருந்து மிதியை முழுவதும் அழுத்திச் சென்றோம். பெட்டி வேண்டிய அழுத்தம் 2150 மில்லிபார். கிடைத்ததோ 2500-ஐத் தொட்டு அங்கேயே நின்றது. மிதியை அழுத்தியவுடன் அழுத்தம் ஒரு கணம் துள்ளித் தணிவது இயல்பு. தணியாமல் நிற்பதே நோய். அந்நேரத்தில் சோலனாய்டு வால்வுக்குச் சென்ற கட்டளை மிகக் குறைந்த அளவில் இருந்தது. அதாவது, இதழ்களை விரித்து விடு என்று பெட்டி ஓயாது கூறிக் கொண்டிருந்தது, இதழ்கள் கேட்கவில்லை. எனவே பெட்டியும் அதன் கணிப்பும் குற்றமற்றவை என்பது தெளிவாயிற்று.

மூன்றாவது கேள்வி: கட்டளை வழியில் தடைப்படுகிறதா, வந்து சேர்ந்தும் நிறைவேறவில்லையா? வால்வின் காற்றுத் துளை அடைபட்டிருந்தாலும், குழாய் நசுங்கியிருந்தாலும், வெற்றிடம் வெளியேற வழியின்றித் தண்டு இழுபட்டே நிற்கக் கூடும். இதைப் பிரித்தறிய அவர் செய்த சோதனை மிக எளியது. தகட்டுப் பெட்டிக்குச் செல்லும் வெற்றிடக் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்து விட்டார். இனி வெற்றிடமே பெட்டியை அடையாது. இதழ்கள் விரிந்தே இருக்க வேண்டும். வண்டி வலுவற்று ஊர வேண்டும். அவ்வாறு ஊர்ந்தால் குற்றம் வால்விலோ குழாயிலோ உள்ளது. ஊராமல் முன்போலவே அழுத்தம் ஏறினால், குற்றம் டர்போவின் பக்கம். நாங்கள் அதே ஏற்றத்தில் கவனத்துடன் ஏறினோம். அழுத்தம் ஏறிற்று! முன்பு புதிதாக மாற்றிய வால்வுக்கு நான் கொடுத்த பணம் முழுவதும் வீண் என்பது அப்போது விளங்கியது.

நான்காவது கேள்வி: தகட்டுப் பெட்டியா, இதழ்களா? எஞ்சின் ஆறிய பிறகு, கையால் இயக்கும் வேக்குவம் பம்ப் ஒன்றைப் பெட்டியுடன் இணைத்தார். மெல்ல உறிஞ்சியபோது தண்டு சிறிது தயங்கி, பிறகு வெடுக்கென்று நகர்ந்தது. உறிஞ்சியதை நிறுத்தி வைத்தபோது முள் இறங்காமல் நின்றது. சவ்வில் கிழிசல் இல்லை என்பதற்கு அது சான்று. வெற்றிடத்தை விடுவித்தபோதோ, தண்டு முழுவதும் திரும்பாமல் நடுவழியில் நின்று விட்டது. உடனே தண்டை இதழ்களின் நெம்புகோலிலிருந்து பிரித்தார். இப்போது தண்டு தங்குதடையின்றி முன்னும் பின்னும் ஓடிற்று. நெம்புகோலை விரலால் அசைத்துப் பார்க்கச் சொன்னார். மணலில் அரைபடுவது போல் கரகரத்து, பாதியில் நின்றது. குற்றவாளி அகப்பட்டான்.

டர்போவைக் கழற்றிச் சுழலியின் கூட்டைப் பிரித்தபோது, இதழ்களைச் சுற்றியும் வளையத்தின் அடியிலும் கரிப் புகை இறுகி, ஓடு போலப் படிந்திருந்தது. கரியை நீக்கித் தூய்மை செய்து, புதிய கேஸ்கெட்டுகள் வைத்துப் பூட்டினார். அச்சு வறண்டு சுழலாதபடி முதலிலேயே எண்ணெய் ஊட்டினார். தண்டின் எல்லையை வரையறுக்கும் திருகாணியை மட்டும் தொடவில்லை. "அதைத் திருகினா குறி மறையுமுங்க, கரி போகாது" என்றார். செலவு, புதிய டர்போவின் விலையில் ஒரு சிறு பங்கே ஆயிற்று.

ஓர் ஐயம் உங்களுக்கு எழலாம். நகரத்தில் ஒருநாளும் தோன்றாத கோளாறு மலையில் மட்டும் தோன்றியது ஏன்? இதே ஐயத்தை நான் எழுப்பியபோது அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "நீங்க வண்டியை ரொம்ப மெதுவா ஓட்டுறவரு இல்லீங்களா?" ஆம் என்றேன், சற்றுப் பெருமையுடனேயே. அங்கேதான் விடை இருந்தது. மெதுவான குறுந்தூர ஓட்டத்தில் எஞ்சின் நன்கு சூடாவதில்லை, கரி மிகுதி. மேலும் குறைந்த வேகத்தில் இதழ்கள் நெருங்கிய நிலையிலேயே இருக்கின்றன. விரிய வேண்டிய தேவையே எழுவதில்லை. அசையாத இடத்தில் கரி படிகிறது. படிந்த கரி அசைவைத் தடுக்கிறது. நகரத்தில் விரியத் தேவையில்லை ஆதலின், விரிய முடியாமை வெளிப்படவுமில்லை. மலையேற்றத்தில் எஞ்சின் முழு வலுவுடன் நெடுநேரம் உழைக்கும்போது, வாயு வெள்ளமாகப் பெருகுகிறது. அப்போது விரிய வேண்டிய இதழ்கள் விரிய மாட்டாமல் நிற்க, அழுத்தம் எல்லை கடக்கிறது. என் மென்மையான ஓட்டமே நோயையும் வளர்த்தது, நோயை மறைத்தும் வைத்தது.

மற்றொரு செய்தியையும் நினைவிற் கொள்ளுங்கள். எல்லா டர்போக்களும் ஒரே வகையின அல்ல. இதழ்களுக்குப் பதிலாக, மிகுந்த வாயுவை ஒதுக்கி விடும் ஒரு கதவு சில டர்போக்களில் உண்டு. வேஸ்ட்கேட் என்பர். அத்தகைய பலவற்றில் அழுத்தக் காற்றே ஒரு குழாய் வழியே வந்து அக்கதவைத் திறக்கும். அக்குழாய் கிழிந்தால் கதவு திறவாது, அழுத்தம் மிகும். என் கார் போன்ற வெற்றிட வகையில் குழாய் கிழிந்தாலோ இதழ்கள் விரிந்து நிற்கும், அழுத்தம் குறையும். கிழிசல் ஒன்றே, விளைவோ நேர் எதிரானது. எந்த வகைப் பொறி என்று அறியாமல் வைத்தியம் செய்யப் புகுவது எத்துணைத் தவறு என்பது இதனால் விளங்கும்.

சிலர் உணர்கருவியை ஏமாற்றி, அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லும்படி செய்கிறார்கள். நொண்டி நடை நின்று விடும். ஆனால் அதற்குக் காரணமான மிகை அழுத்தம் நிற்காது. வெப்பமானியை உடைத்து விட்டுக் காய்ச்சல் நீங்கியது என்று மகிழ்வதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

வண்டி சரியான பின் ஒரு நாள் மீண்டும் குன்னூருக்குச் சென்றோம். பர்லியாற்றுக்கு மேலே அதே ஏற்றத்தில் அதே அளவு மிதியை அழுத்தினேன். ஆனால் இம்முறை முந்துவதற்கு லாரி எதுவும் இல்லாத இடம் பார்த்து. அழுத்தம் ஏறி, வேண்டிய அளவில் தணிந்து நின்றது. உச்சியில் வண்டியை நிறுத்தி, என் மகளிடம் ஸ்கேனரைக் கொடுத்து, எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் திருப்பினேன். குன்னூர் 1850 மீட்டர் உயரத்தில் உள்ளது. கருவி 810 மில்லிபார் அளவில் காட்டிற்று. "கீழே 965 இருந்ததே அப்பா, உணர்கருவி கெட்டுப் போய்விட்டதா?" என்று கேட்டாள். காரணத்தை நான் சொல்லவில்லை. அவளே எண்ணிப் பார்த்து, மலை இறங்கி மேட்டுப்பாளையம் வருவதற்குள் சொல்லி விட்டாள்.

இப்போது வாரம் ஒரு முறையேனும் நகருக்கு வெளியே திறந்த சாலையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள், கியரைச் சற்றுத் தாழ்த்தி எஞ்சினை நன்கு உழைக்க விடுகிறேன். இதழ்கள் முழுவதும் விரிந்து மூடப் பழகட்டும் என்பதற்காக. உங்களுள் சிலர் நாளை பொறியியலறிஞர் ஆகலாம். சிலர் மருத்துவர் ஆகலாம். எத்துறையாயினும், கழற்றுவதற்கு முன் கேளுங்கள்; ஒவ்வொரு கேள்வியும் ஐயத்துக்குரிய இடத்தைப் பாதியாகக் குறைக்கும்படி கேளுங்கள்.